அரமியமும் சாய்ப்பும்

வீடு என்னுஞ் சொல் தமிழிலே உறைவிடத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். சமய நூலார் பின்னதைப் பெரிதென்பர். இல்வாழ்வான் முன்னதைத் தேடி அலைவான். வரலாறு கற்போனுக்கோ மூன்றாவது பொருளொன்றும் தென்படுகின்றது. வீடு விற்கத்தக்கதொரு பொருள். ஒருவன் தான் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற வீட்டைத் தானே விற்க வல்லனா, அல்லனா என்று வினவுக. அவ்வினாவின் விடையிலிருந்து அவன் அந்நாட்டில் எந்நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றான் என்பதை ஒருவாறு உய்த்துணரலாம்.

கொழும்பு மாநகரின் பழைய பகுதியாகிய கொம்பனித்தெருவில், பேரே வாவியின் கரையை அடுத்து, இந்நூற்றாண்டில் வானளாவிய மாடங்கள் எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 240 மீற்றர் உயரமுடைய அல்ற்றயர். ஒரு கோபுரம் மற்றொன்றின் மேற் சாய்ந்து நிற்பதுபோல அதனை அமைத்தவர் மோஷே சாஃப்டி என்னும் உலகறிந்த கட்டடக் கலைஞர். அதற்கு அண்மையில் நிற்பது சினமன் லைஃப் என்னும் பெருந்தொகுதி. இலங்கையிற் பிறந்து இங்கிலாந்திற் புகழ்பெற்ற செசில் பால்மண்ட் அதன் வடிவத்தை வகுத்தார். இத்தகைய மாடங்களின் உச்சித் தளத்து வீடுகள் விற்பனைக்கு வரும்பொழுது விளம்பரங்கள் அவற்றின் சிறப்பை விரித்துரைக்கின்றன. ஒரு புறம் வாவி, மறு புறம் இந்து சமுத்திரம், கண்ணாடிச் சுவர், நீராடு தடாகம், மின்தூக்கி என வருணனை நீளும். விலை பெரும்பாலும் அமெரிக்க டொலரிலே கூறப்படும். சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அல்லது இறப்பர்த் தோட்டமொன்றில் வாழ்வார்க்கு இவ்விளம்பரத்தினால் யாது பயன் என்று ஒருவர் கேட்கலாம். வாங்கும் பயன் இல்லை, உண்மையே. ஆனால் அவ்வுச்சி வீட்டின் வரலாற்றை அடிவரை தேடிச் செல்வோமாயின், அவ்வேர் கேகாலை, இரத்தினபுரி மலைச்சாரல்களில் வந்து முடிதலைக் காணலாம்.

உயர்ந்த மாடம் தமிழர்க்குப் புதியதன்று. எழுநிலை மாடம் என்பது பழைய இலக்கியங்களிற் பயின்று வரும் தொடர். சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் நெடுநிலை மாடத்தின் இடைநிலையில் இருந்தனர். தென்றல் வந்ததும் நிலா முற்றத்துக்கு ஏறிச் சென்றனர். அம்மேல்தளத்தைக் குறிக்க இளங்கோவடிகள் வழங்கிய சொல் அரமியம் என்பதாம். இன்று செய்தித்தாளிலே ‘பென்ட்ஹவுஸ்’ என்று எழுதப்படுவதற்கு நேரான தமிழ்ச் சொல் வேண்டுவோர் இதனை எடுத்தாளலாம். யாரும் எடுத்தாளார் என்பது வேறு. இலங்கையை நோக்கின், துட்டகைமுனு மன்னன் அநுராதபுரத்தில் எடுப்பித்த லோகப் பிரசாதம் ஒன்பது நிலைகளைக் கொண்டதென மகாவமிசம் கூறும். அது தீயால் அழிந்தபின் அவன் தம்பி சத்தாதீசன் ஏழு நிலைகளாக மீண்டும் கட்டுவித்தான். அது துறவியர் உறையுள், விலைக்குரியதன்று.

கண்டி இராச்சியத்திலோ உயரம் அரச வரிசையாகவே இருந்தது. 1660 முதல் 1679 வரை அந்நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயராகிய இறொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், குடிமக்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டுதலும், கூரைக்கு ஓடு போடுதலும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும் விலக்கப்பட்டிருந்தன என எழுதியுள்ளார். இன்று கேகாலை மாவட்டத்தில் அடங்கும் நான்கு கோறளையும், இரத்தினபுரியைச் சூழ்ந்த சப்பிரகமுவையும் அவ்விராச்சியத்தின் பகுதிகளே. ஆகவே மேல்மாடி என்பது இம்மலைநாட்டில் முதலில் செல்வத்தால் வருவதன்று. அரசன் அளிக்கும் உரிமையால் வருவது. 1815இல் அரசன் போனான். உரிமையை அளிப்பவர் மாறினர். உயரத்துக்கும் அதிகாரத்துக்குமிருந்த தொடர்பு மட்டும் மாறவில்லை. அதனைத் தோட்டங்களிற் பின்னர்க் காண்போம்.

மேலைநாட்டிலே உச்சித் தளம் நெடுங்காலம் மதிப்புப் பெறவில்லை. படியேறும் துன்பம் கருதிச் செல்வர் கீழ்த்தளங்களில் வாழ்ந்தனர். பரிசு நகரத்து மாடங்களின் கூரையடி அறைகளில் வேலைக்காரரும் ஏழை மாணவரும் வாழ்ந்தனர். 1857இல் நியூ யோர்க் நகரத்துக் கடைமாளிகை ஒன்றில் ஓற்றிசு என்பாரின் பயணிகள் மின்தூக்கி – அன்று அது நீராவியால் இயங்கியது – பொருத்தப்பட்டபின் இந்நிலை தலைகீழாயிற்று. 1920களில் அந்நகரிலே செல்வர்கள் தரையிலுள்ள மாளிகைகளைக் கைவிட்டு உச்சித் தளங்களிற் குடியேறினர். ஐந்தாம் அவெனியூவில், தன் மாளிகையை இடித்து மாடம் எழுப்ப இசைந்த ஒரு சீமாட்டிக்கு, அம்மாடத்தின் தலையிலே 54 அறைகளைக் கொண்ட வீடு 1925இல் அமைத்துக் கொடுக்கப்பட்டது.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையார்க்குச் சுவை தருவதொன்று ஈண்டுண்டு. ‘பென்ட்ஹவுஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதி வீட்டைக் குறிக்கும் சொல்லன்று. பழைய பிரெஞ்சு மொழியில் ஒட்டிக் கட்டிய சிறு பந்தலைக் குறித்த சொல்லொன்று ஆங்கிலத்திற் புகுந்து ‘பென்றிஸ்’ எனத் திரிந்தது. கேட்டார் அதன் ஈற்றை வீடு எனப் பிழைபட உணர்ந்து மாற்றிக்கொண்டனர். முதற்பொருள் யாதெனின், பெருஞ்சுவரில் ஒரு பக்கம் சாய்த்து இறக்கிய தாழ்ந்த கூரை என்பதே. நம் மக்கள் அதனைச் சாய்ப்பு என்பர். சப்பிரகமுவத் தோட்டத்து லயங்களின் பின்புறத்தே தகரத்தாலும் பலகையாலும் இறக்கப்பட்டிருப்பனவே அச்சொல்லின் நேர்ப்பொருளுக்கு உரியன என்றால் அது நகையன்று.

இனிக் கொம்பனித்தெருவுக்கு வருவோம். அதன் ஆங்கிலப் பெயர் அடிமைத்தீவு எனப் பொருள்படும். ஒல்லாந்தக் கொம்பனியார் தம் அடிமைகளை இரவிலே கோட்டைக்கு வெளியே, நீர் சூழ்ந்த அந்நிலத்தில் அடைத்து வைத்தனர். வாவியில் முதலைகள் இருந்தன என்பர். ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்டோரின் வழிவந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் மலாயர் படையினர் அங்குக் குடியிருந்தனர். 1786ஆம் ஆண்டைச் சேர்ந்த வேக்கந்தைப் பள்ளிவாசல் மலாயர் தொடர்பை இன்றும் நினைவூட்டுகின்றது. கியூ வீதியிலே சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரத்தோடு விளங்குகின்றது. இலங்கையில் அடிமை முறை 1844இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. பெயர் மாத்திரம் ஒழிய நெடுங்காலஞ் சென்றது. ஆங்கிலத்திலும் அப்பெயரை விடுத்து வழங்கவேண்டுமென்ற அரசாணை அண்மைக் காலத்தேதான் வந்தது.

இப்பகுதி செழித்ததற்குக் காரணம் மலைநாட்டு விளைபொருள். வொக்சோல் வீதியிலும் அதனை அடுத்த வீதிகளிலும் தேயிலைக் களஞ்சியங்கள் வரிசையாக நின்றன. 1870இல் விளைபொருட் தரகு நிறுவனமாகத் தொடங்கி வளர்ந்த ஜோன் கீல்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் கிளெனி வீதியிலிருந்தது. சினமன் லைஃப் அந்நிறுவனத்தாரால், அச்சூழலிலேயே எழுப்பப்பட்டது. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துச் சரக்குகள் கொழும்பை அடைந்த வழி களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை. இரண்டரை அடி அகலமுடைய அக்குறுகிய பாதையின் ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்குச் சென்றது. மற்றது 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்காவையும் எட்டியது. அதனூடே இறங்கியவை இறப்பர்த் தட்டும் தேயிலைப் பெட்டியும். ஏறியவை அரிசி மூடை. காலிமுகத் திடலை நோக்கி நிற்கும் காலிமுகக் கோட் என்னும் பழைய மாடமனையோ மக்கான் மாக்கார் குடும்பத்தாருடையது. அவர்கள் மணிவாணிகத்தாற் பெயர் பெற்றோர். இலங்கை மணிகளுக்குத் தாயகம் இரத்தினபுரி என்பதைச் சொல்லவேண்டா. நகரத்து மாடங்கள் எந்த மண்ணை உண்டு வளர்ந்தன என்பதற்கு இவை போதும்.

அம்மண் கைமாறிய வரலாறு 1840இல் தொடங்குகின்றது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலமெல்லாம் முடிக்குரியதென எண்ணிக்கொள்ள இடமளித்தது. உறுதியோ சன்னசோ காட்டமுடியாத கிராமத்தான் சேனை செய்த காடு அரசினதாயிற்று. அரசு அதனை ஏக்கருக்கு ஐந்து சிலிங் வீதம் தோட்டக்காரருக்கு விற்றது. 1844இல் விலை ஒரு பவுண் ஆக்கப்பட்டது. முதலிற் கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழிக்கத் தேயிலை வந்தது. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர் பரவிற்று. 1889இல் சப்பிரகமுவ தனி மாகாணமாக்கப்பட்டபொழுது, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை என்னும் ஊர்ப்பெயர்கள் இலண்டன் வணிகர் வாயிலும் பயின்றுவிட்டன.

தோட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோர்க்கு நொக்ஸ் கூறிய கண்டி வழக்கம் நினைவுக்கு வரும். குன்றின் உச்சியிற் பெரியதுரையின் பங்களா. அங்கிருந்து தோட்டம் முழுவதும் தெரியும். சற்றுத் தாழ்ந்து சின்னத்துரையின் இல்லம். பின் கிளாக்கர், கணக்கப்பிள்ளை குடியிருப்பு. எல்லாவற்றுக்குங் கீழே, பெரும்பாலும் ஓடைக்கருகில், தொழிலாளர் லயங்கள். ஒரு லயத்திலே பத்தும் இருபதுமாகக் காம்பராக்கள், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியவாறு, ஒரே கூரையின்கீழ் நிற்கும். ஒரு காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. நீருக்கு எல்லார்க்கும் ஒரு பீலி. மேன்மாட வீடொன்று 3,600 சதுர அடி எனக் கொள்வோமாயின், முப்பது காம்பராக்கள் அதனுள் அடங்கும். அதாவது முப்பது குடும்பம்.

காம்பராவுக்கு வாடகை இல்லை. இதனைத் தோட்டத்துரைமார் தம் வள்ளன்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவதுண்டு. வாடகை இல்லாமையே தீங்கின் வித்து என்பதை அறிந்தார் சிலரே. வாடகை கொடுப்பவன் குடிக்கூலியாளன். சட்டம் அவனுக்குச் சில காப்புகளை வழங்கும். கொடாதவன் வேலை உள்ளவரை இருக்க விடப்பட்டவன். வேலை போனால் வீடும் போகும். 1921இல் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் வாழ்வை ஆண்ட எழுத்து ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு. அவன் கடனைத் தீர்த்தால் இன்னொரு தோட்டம் அவனை ஏற்கலாம் என்பது அதன் பொருள். நகரத்தான் பெட்டியில் உறுதி இருந்தது. தோட்டத்தான் மடியிற் கடன்சீட்டு இருந்தது.

இந்நிலையை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்ட நிகழ்ச்சி கேகாலை மாவட்டத்திலேயே நடந்தது. உந்துகொடைக்கு அண்மையிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தைத் தமிழ்த் தொழிலாளர் உருளவள்ளி என்பர். 1940களின் நடுவில் அரசாங்கம் அதனைக் கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரித்தது. அக்காலத்தில் விவசாய, காணி அமைச்சராயிருந்தவர் டி. எஸ். சேனநாயக்கா. தோட்டங்களால் நிலமிழந்து நெருக்குண்ட சிங்களக் கிராமத்தாரின் நிலப்பசி மெய்யானது. அதனை மறுப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் 1840இல் செய்த தவற்றுக்குரிய ஈட்டினை, அத்தவற்றிற் பங்கில்லாத கூலியாட்களின் காம்பராவிலிருந்து பெற முனைந்தமைதான் விந்தை. வெளியேறுமாறு அறிவித்தல் வந்தது. தொழிலாளர் வெளியேறவில்லை. தலைமுறையாக வாழ்ந்த இடம். போவதற்கு வேறிடம் இல்லை.

அவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. தான் வாழும் அறையிலே தொடர்ந்து வாழ்தல் குற்றமெனக் கீழ்மன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் இலங்கை இந்தியர் காங்கிரசின் தொழிற்சங்கம் கேகாலைப் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தை நடத்தியது. பால்வெட்டு நின்றது, கொழுந்து முற்றியது. இலங்கையின் உயர் நீதிமன்றத்திலும் தொழிலாளர்க்கு வெற்றி கிட்டவில்லை. ஈற்றில் இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில்வரை வழக்குச் சென்றது. லயக்காம்பரா ஒன்றின் பொருட்டுப் பேரரசின் தலைமன்றம் கூடிற்று என்பது நினைக்கத்தக்கது.

1950இல் வந்த தீர்ப்பின் சாரம் இது: அத்துமீறல் குற்றமாக வேண்டுமெனின், பிறனைத் துன்புறுத்தும் எண்ணமே தலையாய நோக்கமாதல் வேண்டும். இத்தொழிலாளியின் தலையாய நோக்கமோ தனக்குள்ள ஒரே வீட்டில் இருத்தல். அவன் இருப்பதனால் உரியவர்க்கு மனக்கசப்பு உண்டாகும் என்று அவன் அறிந்திருந்தாலும், அவ்வறிவு குற்றமுடைய எண்ணம் ஆகாது. தண்டனை நீக்கப்பட்டது. இலங்கையில் மட்டுமன்றி இந்தியாவிலும் குற்றவியல் அத்துமீறல் பற்றிய வழக்குகளில் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டு வருகின்றது. சட்டம் பயிலும் மாணவருட் பலர் வழக்கின் பெயரை அறிவர். உந்துகொடை எங்குள்ளதென அறியார்.

எனினும் அத்தீர்ப்பு வழங்கியது யாது? அவன் குற்றவாளி அல்லன் என்றது, அவ்வளவே. வீடு அவனுடையது என்று கூறவில்லை, கூறவும் இடமிருக்கவில்லை. அதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. வீட்டுக்கு உறுதி கேட்குமுன் நாட்டுக்கே உறுதி கேட்கவேண்டியதாயிற்று.

மாடிவீட்டு வரலாற்றில் பெருந்திருப்பம் 1970களில் நிகழ்ந்தது. இலங்கையில் நிலவும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் கொள்கை, கட்டடம் நிலத்தைச் சேரும் என்பது. நிலம் யாருடையதோ அதன்மேல் எழுந்தவையும் அவனுடையவே. இக்கொள்கை நிற்கும்வரை ஐந்தாம் மாடியைத் தனியே ஒருவர்க்கு விற்றல் இயலாது; ஐந்தாம் மாடிக்கு நிலமில்லை. உலகெங்கும் இவ்விடர்ப்பாடு இருந்தது. போட்டோ றிக்கோ 1958இலும், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு 1961இலும் சட்டமியற்றி அதனைக் கடந்தன. இலங்கையில் 1970இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1973இல் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டமும் வந்தன. நில அளவையாளர் மாடத்தைத் தளந்தளமாக வரைந்து, ஒவ்வோர் அலகுக்கும் எண்ணிட்டு, காணிப் பதிவகத்திற் பதிவார். வாங்குவோன் தன் அலகுக்கு முழு உடையவன். நிலம், கூரை, படி, மின்தூக்கி என்பவற்றில் அவனுக்குப் பிரிக்கப்படாத பங்குண்டு. பொதுவானவற்றைப் பராமரிக்க உடைமையாளரெல்லாரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனம் அமையும். கூட்டாதனம் என்று அரசாங்கத் தமிழிற் கூறப்படுவது இதுவே. ஆகாயத்துக்கு எல்லை வகுத்து உறுதி முடித்த இவ்வமைப்பை அறிவின் வெற்றி என்றே சொல்லவேண்டும்.

அதே 1973இல் வந்த முதலாம் இலக்கச் சட்டம் வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்தது. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு மேற்பட்டவை அரசைச் சார்ந்தன. அவற்றிற் குடியிருந்த வாடகையாளர் அவற்றை வாங்கி உரித்தாக்கிக்கொள்ள வழி பிறந்தது. கொழும்பின் நெருங்கிய குடியிருப்புகளையும் மக்கள் ‘தோட்டம்’ என்றே வழங்குவர். நகரத் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்த பலர் இவ்வாறு உடைமையாளராயினர். மலைத் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்தவரை அச்சட்டம் எட்டவில்லை. வாடகை கொடாமல் இருக்க விடப்பட்டவர்களல்லவா அவர்கள்!

அவர்களுக்கு வந்தது வேறு சட்டம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்தை 50 ஏக்கருக்கு வரையறுத்தது. 1975இன் திருத்தம் கொம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. பங்களாவில் வேறு துரை வந்தார். காம்பராவில் ஒன்றும் மாறவில்லை. மூன்றாண்டு இடைவெளியில் மாடிவீட்டான் உடையவனானான், வாடகைவீட்டான் உடையவனானான், அரசும் நூறாயிரக்கணக்கான ஏக்கருக்கு உடையதாயிற்று, லயத்தான் மட்டும் தான் இருந்தவாறே இருந்தான். மறதியால் நேர்ந்ததென்று கூற இயலாது. அவன் அந்நாட்களில் எண்ணிக்கைக்குரியவனாயிருந்தான், இல்லத்துக்குரியவனாயன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொருநாளுக்கு ஒத்திவைத்திருந்தது.

உறுதி இல்லாத வீட்டின் பொருள் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் நன்கு விளங்கிற்று. 1981 ஓகத்து மாதத்திலே இரத்தினபுரி மாவட்டத்தின் காவத்தை முதலிய பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன, தீயிடப்பட்டன. மூன்று வன்செயல்களின் பின்னரும் சப்பிரகமுவையிலிருந்து குடும்பங்கள் வவுனியா முதலிய வட பகுதிகளுக்குச் சென்றன. யாழ்ப்பாணத்தானோ கொழும்பானோ ஊர்விட்டுப் போக நேர்ந்தால், எரிந்த வீட்டின் நிலமேனும் எஞ்சும். விலை குறைந்தாலும் விற்று, அப்பணத்தோடு வேறிடத்தில் அடியெடுத்து வைக்கலாம். லயத்தான் மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டிலிருந்து கையில் எடுத்துச் செல்லத்தக்கது ஒரு மூட்டை மாத்திரமே. விற்கும் உரிமை செல்வர்க்குரிய இன்பம் என எண்ணுவோர் இதனைச் சிந்திக்கக் கடவர்.

குடியுரிமைக் கதை 2003இல்தான் ஒருவாறு முடிவுற்றது; அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய இந்திய வம்சாவளியினர்க்கு இலங்கைக் குடியுரிமையை வழங்கியது. பதினோராண்டின் பின், 2014இல், காணி பாராதீனப்படுத்தல் மட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நியர்க்கு இலங்கை நிலத்தை விற்றலாகாது என்பது அதன் விதி. அன்று அவ்விதிக்கு வகுக்கப்பட்ட விலக்குகளுள் ஒன்று கூட்டாதன மாடத்தின் நான்காம் மாடியும் அதற்கு மேற்பட்டனவும். முழு விலையையும் வெளிநாட்டுப் பணமாக முன்னரே அனுப்பினால் அந்நியரும் வாங்கலாம். கொம்பனித்தெரு விளம்பரங்களில் டொலர் விலை காணப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மண்ணுக்குக் காவல், வானுக்கு வரவேற்பு என்னும் இவ்வேற்பாடு பொருளாதார நோக்கிற் பொருத்தமாகலாம். மண்ணிலே பிறந்தவனுக்கு அம்மண்ணில் ஏழு பேர்ச்சைப் பிரித்துக் கொடுக்க எத்தனை ஆண்டு சென்றன என்பதையும் உடன்வைத்து எண்ணும்பொழுதுதான் அது உறுத்துகின்றது.

நகரத்தின் பக்கத்திலும் எல்லார்க்கும் நன்மை விளைந்ததென்று கொள்ளற்க. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. நகரத்தின் மையநிலம் மாடங்களுக்கு வேண்டியிருந்தது. அங்கிருந்த எளியோர் வேறிடங்களில் எழுப்பிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கும் மேல்மாடி கிடைத்தது. வாவிக் காட்சி கிடைக்கவில்லை.

சிலர், லயத்தை எவ்வாறு பிரித்து உரிமையாக்குவது, ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே கான், ஒரே பீலி என்றிருக்கின்றனவே என்பர். இவ்வினா 1973க்கு முன்னே எழுந்திருப்பின் மறுமொழி கூறல் அரிதாகும். அதன்பின் எழுவது வியப்பு. பொதுக் கூரை, பொதுச் சுவர், பொது நீர்வழி உடையதைப் பலர்க்குப் பங்கிடுதற்கென்றே அச்சட்டம் பிறந்தது. அறுபது மாடிகளைக் கொண்ட கோபுரத்தைக் கிடையாகப் படுக்க வைத்தால் அதுவே லயம். நில அளவையாளரின் கோல் செங்குத்தாகச் செல்லவல்லதெனின் கிடையாகவும் செல்லும். லயங்களை அப்படியே பங்கிட்டிருக்கவேண்டும் என்பதன்று கருத்து. இடிந்து ஒழுகும் அக்கொட்டில்களை உடைமையாகப் பெறுவதில் மகிழ்ச்சிக்கு இடமேது? சட்டத்தில் வழியில்லை என்று கூறிய காரணம் காரணமன்று என்பதே கருத்து.

பிள்ளைகள் பெருகினால் காம்பரா பெருகாது. ஆகையால் பின்புறத்தே சாய்ப்பு இறக்குவர். அடுப்படி அங்குச் செல்லும். மணமான மகன் முன்னறையைப் பெறுவான். தொழிலாளி தன் கூலியிலே தகரமும் பலகையும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கட்டியது அது. உழைப்பு அவனுடையது, பொருள் அவனுடையது. கட்டடமோ நிலத்தைச் சேரும் என்னும் பழங்கொள்கைப்படி தோட்டத்தினது. கொழும்பில் எக்கொள்கை மாடத்துக்காக வளைந்ததோ, அதே கொள்கை தோட்டத்தில் சாய்ப்புக்காக வளையவில்லை.

1992இல் அரசுத் தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாக்கப்பட்டது. 2045வரை நிலம் அரசினது, ஆட்சி கொம்பனியினது. ஒரு தொழிலாளிக்கு வீட்டு நிலம் கொடுக்கவேண்டின் முதலிற் குத்தகையிலிருந்து அதனை விடுவிக்கவேண்டும், விடுவித்தபின் அளக்கவேண்டும், அளந்தபின் உறுதி எழுதவேண்டும். பல வீடுகள் இம்மூன்றாம் படியை அடையுமுன்னே பழுதடையத் தொடங்கின. 2015ஐ ஒட்டி ஏழு பேர்ச்சு நிலத்தில் தனிவீடு என்னும் கொள்கை வலுப்பெற்றது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பேர்ச்சு. ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு அது. சதுர அடியிற் கூறின் 2,722. உயரத்திலுள்ள சில மேன்மாட வீடுகளின் உட்பரப்பு மாத்திரமே அதனினும் மிகும்.

2016 மே 17ஆந் தேதி பெருமழையிலே கேகாலை மாவட்டம் இருமுறை அதிர்ந்தது. அறநாயக்கையில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டியின் களுப்பான தோட்டத்திலே சரிந்த மண் லயக்காம்பராக்களைப் புதைத்தது. சரிவின் அடியிலே, ஓடையின் அருகே லயத்தை அமைத்தவர் நூறாண்டுக்கு முன்னர் நீர்வசதியையும் தோட்ட நிலத்தின் சிக்கனத்தையும் கருதியிருப்பர். உச்சியிலுள்ள பங்களாக்களுக்கு அவ்வச்சம் குறைவு. அவற்றுட் சில இன்று உல்லாசப் பயணியர் தங்கும் விடுதிகளாகியுள்ளன. முன் விறாந்தையில் நின்று நோக்கினால் பள்ளத்தாக்கின் அழகு முழுவதும் தெரியும் என்று அவற்றின் விளம்பரங்கள் கூறும். தெரிவனவற்றுள் லயமும் ஒன்று. அதன் பின்புறத்தே, புதிய தகரத்தோடு, சாய்ப்புகள் வெயிலில் மின்னும்.